ஊதிக் கொடுத்த மூச்சு

வெள்ளிங்கிரி வாயை வைத்தால் பச்சை விளக்கு எரியும். வேலாங்காட்டுப்புதூர் மில்லில் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தெரியாதது கழுத்தில் தொங்கும் வெள்ளைப் பெட்டிக்கு மட்டும்தான்.

மில் கேட்டுக்கு எதிரே சைக்கிள் ஷெட். ஷெட்டின் தகரத்துக்கும் முள்வேலிக்கும் நடுவே ஒரு சந்து. காலை ஷிப்டுக்குச் சங்கு பிடிப்பதற்கு முன்னால், முடிவெட்டும் கடையில் காத்திருப்பது போல ஆட்கள் அங்கே வரிசையில் நிற்பார்கள். வெள்ளிங்கிரி ஒரு கவிழ்த்த டிரம்மின் மேல் உட்கார்ந்திருப்பார்.

“வெரல வெய்யி” என்பார்.

பெட்டிக்காரர் பெட்டியின் விலாவில் கட்டைவிரலை அழுத்துவார். யாருடைய பெட்டி என்று அது விரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். வாய் யாருடையது என்று கேட்காது. வெள்ளிங்கிரி குழாயைத் துண்டால் துடைத்து, வாயை வைத்து, ஒரே மூச்சாக ஊதித் தள்ளுவார். பெட்டி கொஞ்சம் யோசிக்கும். பச்சை எரியும்.

“ம். அடுத்தாளு.”

பெட்டி வந்து இரண்டு வருஷம் இருக்கும். தூசியில் வேலை செய்கிறவர் எல்லோரும் அதைக் கழுத்தில் மாட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். சுவாசத்தோழன் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை ஊரில் யாரும் சொல்லவில்லை. ஊதி என்றார்கள். காலையில் அதில் ஊத வேண்டும். நெஞ்சில் எவ்வளவு வலு இருக்கிறது என்று அது பார்க்கும். வலு குறைந்திருந்தால் அதே குழாய் வழியாக மருந்தைப் பீய்ச்சும். வலு கூடியிருந்தால் மருந்தைக் குறைத்துக்கொள்ளும். அது வரைக்கும் நல்ல விஷயம். அதற்கு மேல்தான் வில்லங்கம். பச்சை எரிந்தால் மில் கேட் திறக்கும். சிவப்பு எரிந்தால் திறக்காது. மறுபடி பச்சை வருகிற வரைக்கும் வீட்டில் படுத்திருக்க வேண்டும். படுத்திருக்கிறவருக்குச் சம்பளம் கிடையாது.

“கழுத்துல எதக் கட்டுனாலும் அது மாட்டுக்குக் கட்டற மணிதான்” என்பார் வெள்ளிங்கிரி. “மாடு எங்க மேயுதுன்னு மாட்டுக்காரனுக்குத் தெரியோணும். அதனால மாட்டுக்கு என்ன வந்துது?”

அவருக்கு எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. ஆஸ்பத்திரி மாத்திரையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். படித்தவர் யாராவது இனிப்பாகப் பேசினால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

ஆனால் மூச்சு இருந்தது. வாலிபத்தில் அவர் கிணற்றுக்குள் முங்குகிறவர். அந்தப் பக்கத்துக் கிணறுகள் பாதாளம். தண்ணீருக்குள் மோட்டார் அறுந்து விழுந்தால் சுற்றுவட்டாரமே வெள்ளிங்கிரியைத்தான் கூப்பிடும். அவரிடம் ஒரு வித்தை இருந்தது. நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தபிறகு நிறுத்த மாட்டார். அதன் மேலும் காற்றை வாயால் மடக்கு மடக்காக விழுங்குவார். மூட்டையில் பஞ்சைக் காலால் மிதித்து அடைப்பது போல அடைத்துக்கொண்டு உள்ளே இறங்குவார். கிணறுகள் வற்றியதும் முங்குவதற்கு வேலையில்லை. மில்லில் பேல் என்கிற பஞ்சுப் பொதிகளை இறக்கப் போனார். வித்தை மட்டும் கூடவே வந்தது.

ஊருக்கு ஊதுவதற்காக அவர் ஆரம்பிக்கவில்லை. அவர் தங்கச்சி துளசிமணிக்காக ஆரம்பித்தார். புருஷன் போனபிறகு அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டவள். அவருக்கும் பெண்டாட்டி இல்லை. ஒருவருக்கொருவர் துணை. துளசிமணிக்குச் சின்ன வயசிலேயே இழுப்பு. மில்லில் அவளுக்கு வேலை புளோரூமில். கட்டுக்கட்டாக வரும் கழிவுப் பஞ்சை மிஷின் அடித்துப் பிரிக்கிற இடம் அது. அங்கே நின்றால் ஆளின் புருவம் நரைத்துவிடும். பெட்டி வந்த முதல் மாதமே அவளுக்குச் சிவப்பு எரிந்தது. வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அடுப்படியில் அவள் சும்மா உட்கார்ந்து பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவுவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. “கொண்டா அதை” என்று வாங்கி ஊதினார். பச்சை. மறுநாள் அவளோடு வேலை செய்கிற பாவாயி வந்து நின்றாள். அப்புறம் ஒடிசாக்காரன் ரஞ்சன். அப்புறம் வரிசை.

சமீபகாலமாக ஒன்று நடந்தது. வரிசையில் கடைசியாக நிற்கிற ஆட்களுக்குச் சில நாள் பச்சையும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் நடுவாந்திரமாக மஞ்சள் எரிந்தது.

“உன்ற பெட்டி பழசு” என்றார் வெள்ளிங்கிரி.

“அண்ணா, போன வாரம் குடுத்தது. புதுசு” என்றான் ரஞ்சன்.

“அப்பப் புதுசு சரியில்ல.” இன்னும் நாலு மடக்குக் காற்றை விழுங்கி மறுபடி ஊதினார். பச்சை.

அன்று வரிசை கலைந்தபிறகும் துளசிமணி சந்திலேயே நின்றாள். தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏனுங்ணா, இந்த ஊதி முன்னெல்லாம் வெடியால ரெண்டு வாட்டி மருந்து குடுத்துட்டிருந்துது. அப்பறம் ஒண்ணாக்கிருச்சு. ஆடி மாசத்துலருந்து ஒண்ணுமே குடுக்கறதில்ல.”

“குடுக்காட்டி நல்லது அம்மிணி. தினமும் இழுத்தா அது பழகிப்போயிரும். அப்பறம் அவனுக குடுத்தாத்தான் நமக்கு மூச்சு.”

“நெஞ்சுக்குள்ள பூனக்குட்டி கத்தறாப்ல இருக்குதுங்ணா.”

“நீலப் பம்பு வெச்சிருக்கியல்லொ?”

சோத்துப் பையைத் தட்டிக் காட்டினாள். மெடிக்கலில் வாங்கிய நீலப் பம்பு. மூச்சு அடைக்கும்போது அடித்தால் உடனே விட்டுவிடும். மில்லில் பாதிப் பெண்கள் பையில் அது இருந்தது. கல்யாணம் ஆகாத பிள்ளைகள் அதைச் சோற்றுக்கு அடியில் ஒளித்து வைப்பார்கள்.

“அது போதும், போ” என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் புளோரூம் வாசலில் சத்தம் கேட்டது. வெள்ளிங்கிரி முற்றத்தில் பேல் ஷெட் சாவியோடு உட்கார்ந்திருந்தார். ஓடிப் பார்த்தபோது துளசிமணி தரையில் இருந்தாள். இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, தோள் ஏறி இறங்க, வாய் மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. உதடு நாவல்பழம் தின்றது போல இருந்தது. பாவாயி நீலப் பம்பை அடித்துக்கொண்டே இருந்தாள். பம்பு தீர்ந்துபோய் வெறும் காற்று வந்தது. கழுத்துப் பெட்டியில் பச்சை விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

பேல் தள்ளுகிற ட்ராலியில் அவளைத் தூக்கி வைத்துக் கேட்டுக்குத் தள்ளினார்கள். தள்ளுகிறபோதுதான் வெள்ளிங்கிரிக்கு மூச்சு இரைத்தது. பயத்தில் இரைக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

*

டவுன் ஆஸ்பத்திரியில் துளசிமணி முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். சாயங்காலம் உதட்டில் நிறம் வந்தது. நர்ஸ் மரகதம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஊதிப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் அவள்தான். மாதம் ஒருமுறை மில்லுக்கு வருவாள். முகத்தில் சிரிப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

“பெரியவரே, இன்னிக்கு வெடியால இந்தம்மா ஊதுன கணக்கப் பாத்தேன். இந்த மூச்சுக்குக் கல்யாண மண்டபத்துல இருக்கற பலூனெல்லாம் ஒரே ஆளா ஊதலாம்.”

வெள்ளிங்கிரி கூரையைப் பார்த்தார்.

“இது உங்க மூச்சு. சும்மா சொல்லுங்க, நான் யாருகிட்டயும் போயிச் சொல்லப் போறதில்ல. சொல்றதா இருந்தா மூணு மாசத்துக்கு முன்னாடியே சொல்லியிருப்பேன்.”

“தெரியுமா உனக்கு?”

“மில்லுல பாதிப் பேருக்கு ஒரே மாதிரி மூச்சு. பெட்டி போடற கோடு கூட மாறல. கண்ணு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். சொன்னா உங்க ஆளுங்களுக்கெல்லாம் வேலை போயிருமேன்னு வாய மூடிக்கிட்டேன். நீங்க நல்லது செய்யறேன்னு ஊதுனீங்க. நான் நல்லது செய்யறேன்னு சும்மா இருந்தேன். பாருங்க, எப்படிப் படுத்திருக்குதுன்னு.”

“மருந்தக் குடுக்காததுக்கு அந்தப் பெட்டியக் கேளு. எங்களக் கேக்காத.”

“பெட்டிக்கு என்ன தெரியும்? இந்தம்மா நெஞ்சு இரும்பாட்டம் இருக்குதுன்னு தினமும் நீங்க அதுக்குச் சொன்னீங்க. இரும்புக்கு எதுக்கு மருந்துன்னு அது கொறச்சுக்கிட்டே வந்துது. தினமும் இழுக்கற மருந்து அடுப்புல இருந்து விறகை உருவற மாதிரி. நீலப் பம்பு தண்ணி தெளிக்கற மாதிரி. விறகு எரிஞ்சிட்டே இருக்கறப்ப எத்தனை நாளைக்குத் தண்ணி தெளிப்பீங்க? அந்த மருந்து பழகிப்போயிரும்னு வேற யாரோ சொல்லியிருக்காங்க.”

மூடிக்குள்ளிருந்து துளசிமணி விரலை நீட்டி அண்ணனைக் காட்டினாள்.

“பேசாம படு” என்றார் வெள்ளிங்கிரி.

மரகதம் ஒரு பெட்டியை எடுத்துத் துளசிமணிக்குக் காட்டினாள். “மருந்து இழுத்த உடனே மூச்ச விட்றாதீங்கம்மா. பத்து எண்ற வரைக்கும் உள்ளயே அடக்கோணும்.”

“பத்தா?” வெள்ளிங்கிரிக்கு இதில் மட்டும் சிரிப்பு வந்தது. “பத்துக்குள்ள நான் கெணத்துத் தரையக்கூடத் தொட்டிருக்கமாட்டேன்.”

மரகதம் சிரிக்கவில்லை. “இன்னொண்ணு கேளுங்க. மில்லுல சக்சன் ஃபேன் ஓடுதா?”

அவர் யோசித்தார். தூசியை உறிஞ்சி வெளியே தள்ளுகிற பெரிய ஃபேன்கள் மில் கூரையில் இருந்தன. முன்பெல்லாம் அதன் இரைச்சலில் முற்றத்தில் பேச முடியாது. கொஞ்ச நாளாக அமைதி. காக்காய் கத்துவது கேட்கிறதே என்று அவர் சந்தோஷப்பட்டிருந்தார்.

“எப்பவாச்சும் ஓடும்.”

“வேலையாளுக எல்லாரும் பச்சையா இருந்தா சக்சன நிறுத்தி வெச்சுக்கலாம்னு சட்டத்துல எடம் இருக்குது. கரண்டு மிச்சம். இந்த மாவட்டத்துலயே சுத்தமான காத்து உங்க மில்லுலதான்னு போன மாசம் கேடயம் குடுத்தாங்க, தெரியுமா?”

வெள்ளிங்கிரி பார்த்திருக்கிறார். ஆபீஸ் ரூமில் கண்ணாடிக்குள் ஒரு கேடயம் வைத்திருந்தார்கள். யாரோ முதலாளி மகன் பந்து விளையாடி வாங்கியது என்று நினைத்திருந்தார். அது அவர் ஊதி வாங்கியது.

“இன்னொருக்கா இந்த மாதிரி வந்துச்சுன்னா தூக்கிட்டு வர்றதுக்கு நேரம் இருக்காது” என்றாள் மரகதம். “அந்தத் தூசிக்குள்ள மறுபடி போனா வரும்.”

“போகலைன்னா?”

துளசிமணி மூடியைக் கழற்றினாள். “போகாம என்ன பண்றது? பாத்திரத்தக் கழுவிட்டிருக்கறதா?” என்று கேட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

மரகதம் குரலைத் தாழ்த்தினாள். “சட்டத்துல இன்னொரு எடமும் இருக்குது. ஒருத்தர் ரெண்டு பேரு சிவப்புன்னா அது ஆளோட நோவுன்னு கணக்கு. ஒரு ஷிப்டுல பாதிக்கு மேல சிவப்புன்னா அது காத்தோட நோவு. அப்ப சக்சன் தானா ஓடும். காத்தச் சோதிக்கற வரைக்கும் கேட்ட மூடிரோணும். அத்தன நாளும் எல்லாத்துக்கும் சம்பளம் மில்லுக்காரங்க குடுத்தே ஆகோணும்.”

“எங்க நடந்திருக்குது அப்படி?”

“எங்கயும் நடக்கல. எந்த மில்லுலயும் பாதிப் பேரு சிவப்புக் காட்டுனதில்ல.”

“அப்ப ஊருக்கு ஊரு ஒரு வெள்ளிங்கிரி இருக்கறான்” என்றார் அவர்.

*

அடுத்த நாள் அவர் சந்துக்குப் போகவில்லை. தன் பெட்டியில் மட்டும் ஊதிப் பச்சை வாங்கிக்கொண்டு நேராக முற்றத்துக்குப் போனார். மேஸ்திரி சென்னிமலை டீயோடு வந்தான். அவனாக டீ கொண்டுவந்து கொடுத்ததே இல்லை.

“துளசியக்கா எப்படி இருக்குதுங்ணா?”

“உசுரோட இருக்குது.”

“சந்துல ஆளுக நின்னுட்டிருக்கறாங்க.”

“நிக்கட்டும்.”

சென்னிமலை பக்கத்தில் குந்தினான். “அண்ணா, ஒளிவு மறைவில்லாம சொல்றேன். நீங்க ஊதறது எனக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியும். பேல் தூக்கிட்டிருந்த உங்கள முத்தத்துல உக்கார வெச்சு சாவியக் கையில குடுத்தது எதுக்குன்னு நினைக்கறீங்க? உங்க வயசுக்கு எரக்கப்பட்டா? இனிமே அந்தச் சாவியும் வேண்டாம், ஊதறதே வேலையா வெச்சுக்கலாம்னு மேனேஜரு சொல்றாரு. அக்காவ ஆபீஸ் கூட்டற வேலைக்கு மாத்திரலாம். தூசியே இருக்காது.”

வெள்ளிங்கிரி டீயைக் குடித்து முடித்தார். ஒரு விஷயத்தில் அவருக்குத் தன்மேல் பெருமை இருந்தது. யாரும் தன்னை ஏமாற்ற முடியாது என்று. பெட்டியை ஏமாற்றினோம் என்று இரண்டு வருஷம் சந்தோஷமாக இருந்தார். பெட்டி ஏமாந்தது உண்மைதான். லாபம் மட்டும் ஆபீஸ் ரூம் கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

“ஏம்ப்பா சென்னிமல, புளோரூம்ல துளசி நின்ன எடத்துல நாளைக்கு யாரு நிப்பா?”

“யாராச்சும் நிப்பாங்க. அது உங்களுக்கு எதுக்கு?”

“அவளுக்கும் நாந்தான ஊதோணும்? அதுக்குக் கேட்டேன்.”

சாவியை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டு எழுந்தார்.

ஷிப்டு விட்டதும் சந்தில் கூட்டம் கூடியது. அன்றைக்கு ஊத ஆளில்லாமல் கேட்டுப் பக்கமே போகாமல் திரும்பியவர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். பாவாயி இடுப்பில் கையை வைத்து நின்றாள்.

“இத்தன நாளு ஊதுன வாய்க்கு இன்னிக்கு என்ன வந்துது? மேஸ்திரி ஏதாச்சும் குடுத்தானா?”

“குடுக்கறன்னான். வாங்கல.”

நர்ஸ் சொன்னதைச் சொன்னார். சக்சன் நின்றதைச் சொன்னார். கேடயத்தைச் சொன்னார். நாளைக்கு எல்லோரும் அவரவர் வாயால் ஊத வேண்டும் என்றார். எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள்.

“சம்பளம் குடுப்பாங்கன்னு எந்த நம்பிக்கைல சொல்றீங்க?”

“நம்பிக்கையா? எனக்கா?” என்றார் வெள்ளிங்கிரி. “எனக்கு நர்சம்மாவ நம்பிக்கை இல்ல. சட்டத்த நம்பிக்கை இல்ல. அந்தப் பெட்டியக் கண்டாலே ஆகாது. உங்கள்ளயும் ரெண்டு பேரு இந்நேரம் மேஸ்திரிகிட்டச் சொல்லியிருப்பீங்க. அதுவும் தெரியும். ஆனா ரெண்டு வருசமாப் பெட்டிக்குப் பொய் சொன்னமே, அது நமக்கு என்ன குடுத்துது? துளசிமணிய ட்ராலில போட்டுக் குடுத்துது. ஒரு நாளு நெசத்தச் சொல்லிப் பாப்பம். அதுக்கும் ஒண்ணும் ஆகலைன்னா வேற பண்ணுவம்.”

“எங்களுக்குச் சிவப்பு வரும். உங்களுக்குப் பச்சை வரும். நீங்க உள்ள போயிருவீங்க” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“சாவியக் குடுத்துட்டு வந்துட்டேன்” என்றார். “நாளைக்கு என்ற பேரும் ஷிப்டுல இருக்குது. அத்தோட சரி.”

ரஞ்சன் கழுத்துப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தான். “அண்ணா, நான் இதுல ஒரு நாளும் ஊதினதில்ல. எப்படி ஊதறது?”

அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது எல்லோருக்கும்.

*

மறுநாள் காலை மரகதம் ஸ்கூட்டரை டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு நின்றாள். மாதாந்திரச் சோதனை என்று சொல்லிக்கொண்டாள். மாதம் பிறக்க இன்னும் நாள் இருந்தது.

சென்னிமலை சும்மா இருக்கவில்லை. சந்துக்குள் டிரம்மின் மேல் ஒரு புது ஆளை உட்கார வைத்திருந்தான். கபடி ஆடுகிற உடம்பு. “வாங்க வாங்க, எப்பவும் போல வந்து ஊதிட்டுப் போங்க” என்று மேஸ்திரியே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சிலர் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். வெள்ளிங்கிரி அவர்களைத் திட்டவில்லை. அந்த டிரம்மைத் தேய்த்து வழவழப்பாக்கியதே அவர்தான்.

மற்றவர்கள் கேட்டுக்கு முன்னால் வெட்டவெளியில் நின்றார்கள். கேட்டுக்கு மேலே ஒரு பலகை. ஒவ்வொருவர் ஊதும்போதும் அதில் ஒரு புள்ளி எரியும். இரண்டு வருஷமாகப் பச்சைப் புள்ளிகளாகவே எரிந்த பலகை.

பாவாயி முதலில் ஊதினாள். சிவப்பு. ரஞ்சன் ஊதினான். குழாயைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். பாவாயி திருப்பிக் கொடுத்தாள். சிவப்பு. வயசுப் பெண் ஒருத்தி, இழுப்பு இருப்பதை வீட்டுக்கே சொல்லாதவள், எல்லோர் முன்னாலும் ஊதினாள். சிவப்பு. சிலருக்குப் பச்சையும் வந்தது. நல்ல நெஞ்சுக்காரர்கள் இருக்கத்தானே செய்வார்கள். அவர்கள் ஏதோ தப்புப் பண்ணியது போல நெளிந்தார்கள்.

துளசிமணி ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

“உன்னை யாரு வரச் சொன்னா? படுத்திருன்னு சொன்னாங்கல்லொ?”

“என்ற பேரும் இன்னிக்கு ஷிப்டுல இருக்குது” என்றாள். “ரெண்டு வருசத்துல ஒரு நாளாச்சும் என்ற மூச்ச நான் ஊத வேண்டாமுங்ளா?”

விரலை வைத்தாள். ஊதினாள். காற்று குழாய்க்குள் போனதா என்பதே சந்தேகம். சிவப்பு எரிந்தது. அதைப் பார்த்து அவள் முகம் வாடவில்லை. பரீட்சையில் தேறினவள் போல மைல் கல்லின் மேல் போய் உட்கார்ந்தாள்.

சந்திலிருந்து பச்சைகள் வந்துகொண்டே இருந்தன. பலகையில் சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று துரத்தின. கடைசியில் எல்லோரும் ஊதி முடித்தபோது மரகதம் பலகையை இரண்டு தரம் எண்ணினாள்.

“சரி பாதி” என்றாள். “பாதிக்கு மேல வேணும். ஊதாம இருக்கறது யாரு?”

எல்லோரும் வெள்ளிங்கிரியைப் பார்த்தார்கள்.

சென்னிமலைக்கு முகம் மலர்ந்துவிட்டது. “ஊதுங்ணா. இந்த ஊருலயே பெரிய மூச்சு உங்களுதுதான. ஊதிக் காட்டுங்க.”

பாவாயி கிட்டே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “அண்ணா, கொஞ்சமா ஊதுங்க. பாதியில நிறுத்திருங்க. யாருக்குத் தெரியப் போகுது?”

நிஜத்தைச் சொல்லிப் பார்ப்போம் என்று நேற்றுச் சொன்ன ஆள்தான் அவர். ஆனால் மைல் கல்லின் மேல் துளசிமணி உட்கார்ந்திருந்தாள். அவள் தோள் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நிஜத்தை ஊதினால் பச்சை எரியும், இவள் மறுபடி யாரையாவது ஊதச் சொல்லி அந்தத் தூசிக்குள் போவாள். வெள்ளிங்கிரி முடிவு செய்ய அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை நாள் மில்லுக்காகப் பொய் ஊதிய வாய். இன்றைக்கு ஒரு நாள் இவளுக்காக ஊதட்டும். பாவம் வந்தால் வந்துவிட்டுப் போகிறது.

தன் பெட்டியில் விரலை வைத்தார். காற்றை விழுங்கவில்லை. அடைக்கவில்லை. பாவாயியும் ரஞ்சனும் இழுத்தது போல ஒரு சாதாரண மூச்சு இழுத்தார். பாதி ஊதி நிறுத்திவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒரு இடத்தைக் குறித்துக்கொண்டு ஊதினார்.

அந்த இடம் வரவேயில்லை. அதற்கு முன்னாலேயே காற்று தீர்ந்துபோனது. நெஞ்சைச் சுருக்கித் தள்ளினார். அடியில் ஏதோ கீச்சென்றது. ஒரு பூனைக்குட்டி.

சிவப்பு எரிந்தது.

பலகையில் கடைசிப் புள்ளி சிவந்ததும் பலகை முழுவதும் சிவந்தது. யாரும் அதைப் பார்த்ததில்லை. பிறகு மில் கூரையில் முதல் ஃபேன் உறுமியது, இரண்டாவது உறுமியது, சுவரோரம் இருந்த காக்காய்கள் எல்லாம் எழுந்து பறந்தன. கேட்டின் பூட்டு தானாக விழுந்தது.

“நடிப்புன்னா அண்ணங்கிட்டத்தான் கத்துக்கோணும்” என்றாள் பாவாயி. ரஞ்சன் அவர் முதுகில் தட்டினான். சென்னிமலை போனைக் காதில் வைத்துக்கொண்டு, “வேணும்னே பண்ணிட்டான் சார், கெழவன் வேணும்னே பண்ணிட்டான்” என்று கத்திக்கொண்டிருந்தான்.

வெள்ளிங்கிரி பெட்டியையே பார்த்தார். மடக்கு விழுங்காமல் கடைசியாக எப்போது ஊதினோம் என்று யோசித்துப் பார்த்தார். ஊதியதே இல்லை. எத்தனை வருஷம் பேல் தூக்கினார், எத்தனை வருஷம் அந்த முற்றத்தில் உட்கார்ந்தார். வரிசையின் கடைசி ஆளுக்கு வந்த மஞ்சள். ட்ராலி தள்ளும்போது வந்த இரைப்பு. யாரும் தன்னை ஏமாற்ற முடியாது என்று இருந்தவரை அவர் மூச்சே ஏமாற்றிவிட்டது.

அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. துளசிமணிக்கு மட்டும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் அவர் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஏற்ற இறக்கம் அவளுக்குத் தெரியாததா.

“எல்லாரும் வீட்டுக்குப் போங்க, போங்க” என்று மேஸ்திரி கையை வீசினான்.

“எதுக்குப் போறது?” வெள்ளிங்கிரி கேட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். “சம்பளம் ஓடிட்டிருக்குது. குந்துங்க எல்லாரும்.”

குந்தினார்கள். தலைகுனிந்து சந்துக்குள் போனவர்களும் ஒவ்வொருவராக வந்து ஓரத்தில் குந்தினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவர் கழுத்துப் பெட்டி முனகியது. மருந்து தயார் என்று ஒரு பெண் குரல் இனிப்பாகச் சொன்னது. துளசிமணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பழகிப்போயிருமுங்ணா” என்றாள்.

“பேசாம இரு” என்றார்.

குழாயை ஒருதரம் முகர்ந்து பார்த்தார். வாயில் வைத்து இழுத்தார். நர்ஸ் சொன்னபடி மூச்சை அடக்கிக்கொண்டு மனசுக்குள் எண்ணினார். மோட்டாரோடு மேலே வருகிற வரைக்கும் அடக்கிய மூச்சு ஆறில் உடைந்தது. இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது. எதிரே கேட் மூடிக் கிடந்தது. மேலே ஃபேன் இரைந்துகொண்டிருந்தது.

பெட்டியைத் தூக்கிப் பிடித்து முறைத்தார்.

“நாளைக்கு ஏழு” என்றார்.